குழாயோடு வீடு திரும்பியவர்களுக்கு: சிஸ்டர் அம்மா பதில்கள்

மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பிறகு காயத்தில் கசியும் நீரை ஒரு பைக்குள் இழுக்கும் குழாயை அக்குளில் வைத்து வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள் மேசையில் குவிந்துவிட்டன. ஆகவே இந்த இதழ் முழுவதும் குழாய்க்கே.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: நான் டாக்டர் அல்ல. அரசு மருத்துவமனை ஒன்றின் அறுவை சிகிச்சை வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஒருவருக்குக் குழாயை எப்போது எடுப்பது, என்ன மருந்து கொடுப்பது என்பதெல்லாம் அவரை அறுத்த டாக்டர் சொல்ல வேண்டியவை. குழாயை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். முன்பு குழாய் எடுக்கும்வரை வார்டிலேயே வைத்திருப்போம். இப்போது மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் படுக்கைக்கு அடுத்தவர் வராந்தாவில் காத்திருக்கிறார். நாங்கள் செய்த வேலையை வீட்டில் மருமகளும் மகனும் கணவரும் செய்ய வேண்டியிருக்கிறது. செய்ய முடியும். ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டை வாங்குவதற்கு முன், பையைக் காலி செய்வதை நர்ஸ் பார்த்திருக்க உங்கள் கையால் ஒரு முறை செய்துவிட்டு வாருங்கள். அவர் எவ்வளவு அவசரத்தில் இருந்தாலும் விடாமல் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

என் மாமியாருக்கு வலது மார்பையும் அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்திருக்கிறார்கள். நான்காம் நாளே குழாயும் பையுமாக அனுப்பிவிட்டார்கள். பையில் சிவப்பாகத் தண்ணீர் சேர்ந்துகொண்டே இருக்கிறது. தொடவே கை நடுங்குகிறது. ஏன் இவ்வளவு வருகிறது? எப்படிக் காலி செய்வது?
— வாசகி, மன்னார்குடி

மகளே, அது என்னவென்று தெரிந்துகொண்டால் பாதி நடுக்கம் போய்விடும். ரத்தக் குழாய்கள் போலவே நிணநீர் ஓடும் மெல்லிய குழாய்களும் நம் உடம்பில் இருக்கின்றன. கையிலிருந்தும் மார்பிலிருந்தும் வரும் நிணநீர் அக்குளில் உள்ள நெறிக்கட்டிகள் வழியாகத்தான் மேலே போய் ரத்தத்தில் சேரும். புற்றுநோய் முதலில் எட்டிப்பார்க்கும் இடமும் அதுவே என்பதால் சுற்றியுள்ள கொழுப்போடு சேர்த்து அவற்றை எடுத்துவிடுகிறார்கள். அறுபட்ட நுண்குழாய்களின் வாய்கள் மூடிக்கொள்ளும்வரை நீர் கசிகிறது. மேலே தோல், கீழே தசை, இரண்டுக்கும் நடுவில் வெற்றிடம். அங்கே நீர் தேங்கினால் தோல் ஒட்டாது, தையல் இழுபடும், கிருமிக்கும் வசதியாகிவிடும். பை உறிஞ்சிக்கொண்டே இருந்தால் நீரும் வெளியேறும், தோலும் தசைமேல் படிந்து ஒட்டும்.

முதல் ஓரிரு நாள் சிவப்பாக வரும். ரத்தம் கலந்திருப்பதால் அப்படி. முழுவதும் ரத்தம் என்று எண்ணிவிடாதே. பிறகு வெளிறிய ரோஸ் நிறம், அதன் பிறகு வைக்கோல் மஞ்சள். ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு 100 மில்லி, 200 மில்லி வருவதுகூட வழக்கம்தான். நிறம் வெளிறிக்கொண்டும் அளவு குறைந்துகொண்டும் போக வேண்டும். பார்க்க வேண்டியது இந்தப் போக்கைத்தான்.

இப்போது காலி செய்யும் முறை. உங்கள் வீட்டில் இருப்பது மடிப்பு மடிப்பாகச் சுருங்கும் வட்டப் பை என்று எழுதியிருக்கிறாய். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. நடுவில் பாதி நிறைந்துவிட்டால் அப்போதும் ஒரு முறை. நிறைந்த பை உறிஞ்சாது. மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிட்டுச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவு. நகக்கண்ணும் விரலிடுக்கும் நனைய வேண்டும். மாமியாரைச் சாய்வாக உட்கார வைத்துவிட்டு, முதலில் குழாயில் உள்ள கிளாம்பை மூடு. இதைச் செய்யாமல் பையை அமுக்கினால் உள்ளே இருக்கும் நீர் காயத்துக்கே திரும்பிப் போகும். அடுத்து மூடியைத் திற. திறந்த வாயின் உட்பக்கத்தில் விரல் படக் கூடாது. மருந்துக்கடையில் வாங்கிய அளவுக் கோப்பையில் ஊற்று. அந்தக் கோப்பை வேறு எதற்கும் பயன்படக் கூடாது. மூடியைச் சுற்றி ஸ்பிரிட் பஞ்சால் துடை. பையைச் சமதளத்தில் வைத்து உள்ளங்கையால் நன்றாகத் தட்டையாகும்வரை அமுக்கு. அமுக்கிய கையை எடுக்காமலே மறு கையால் மூடியைப் போடு. பை தட்டையாகவே நின்றால் உறிஞ்சல் பிடித்துவிட்டது. உடனே உப்பிக்கொண்டால் மறுபடி செய்.

கடைசியாகக் கிளாம்பைத் திற. இதை மறந்துவிடுபவர்கள் மிக அதிகம். எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, கிளாம்பை மூடியபடியே விட்டுவிட்டு, "இரவெல்லாம் ஒரு சொட்டுக்கூட வரவில்லை, குணமாகிவிட்டது" என்று சந்தோஷமாக வருவார்கள். பார்த்தால் நெஞ்சு வீங்கியிருக்கும். எழுந்துபோகும் முன் "கிளாம்ப் திறந்தாயிற்றா?" என்று வாய்விட்டுக் கேட்டுக்கொள்.

கோப்பையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து அளவைப் படித்துவிட்டு நீரைக் கழிவறையில் ஊற்றித் தண்ணீர் விடு. பையின் மேல் அச்சிட்டிருக்கும் கோடுகளை நம்பாதே, பை சுருங்கியிருக்கும்போது அவை சரியாகக் காட்டாது. பிறகு கையைக் கழுவிக்கொண்டு நோட்டில் எழுது. கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒருவர் மனைவியை அழைத்து வருவார், பஸ் கண்டக்டராக இருந்தவர். அவருடைய நோட்டில் இப்படி இருக்கும்: "காலை 7 மணி, 45 மில்லி, ரோஸ். மாலை 7 மணி, 40 மில்லி, ரோஸ், நூல் போல ஒரு கட்டி." எங்கள் சர்ஜன் அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழே விரலால் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் டிரெஸ்ஸிங்கைப் பிரிப்பார். "தோராயமாக ஒரு டம்ளர் வருகிறது" என்று சொல்பவர்களை வைத்துக்கொண்டு அவரால் ஒன்றும் தீர்மானிக்க முடியாது. இரண்டு குழாய் இருந்தால் இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும். எது காய்ந்துவிட்டதோ அதை முதலில் எடுப்பார்கள்.

பையைக் காயத்தைவிடத் தாழ்வாக வைத்து, அதில் உள்ள பட்டையை ஊக்கால் உடுப்போடு குத்திவிடு. ஊக்கு குழாயின் மேல் படாமல் பார்த்துக்கொள். குழாய் தோலுக்குள் நுழையும் இடத்தில் ஒரு தையல் போட்டிருப்பார்கள். பையின் பாரம் அந்தத் தையலில் தொங்கக் கூடாது.

என் மனைவிக்குப் பத்து நாளில் குழாயை எடுத்துவிடலாம் என்றார்கள். இரண்டு வாரம் ஆகியும் தினமும் 60, 70 மில்லி வருகிறது. பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாவுக்கு ஆறாம் நாளே எடுத்துவிட்டார்கள். உள்ளே நோய் மிச்சம் இருப்பதால்தான் நீர் நிற்கவில்லையா?
— வாசகர், திண்டுக்கல்

இல்லை ஐயா. நீர் அதிகமாக வருவதற்கும் நோய் மிச்சம் இருப்பதற்கும் தொடர்பு இல்லை. இந்தக் கேள்வியை மனத்துக்குள் வைத்துக்கொண்டு எத்தனை பேர் தூக்கமில்லாமல் கிடக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன்.

24 மணி நேரத்தில் வருவது 30 மில்லிக்குக் கீழே இறங்கி, அடுத்த நாளும் அப்படியே இருந்தால் குழாயை எடுப்பார்கள். சில டாக்டர்கள் 20 மில்லி என்று வைத்திருப்பார்கள். "பத்து நாள்" என்று சொன்னது உத்தேசம். உடல் பருமன் உள்ளவர்களுக்கும், ரத்த அழுத்தம் கூடுதலாக இருப்பவர்களுக்கும், அதிக முடிச்சுகளை, அதாவது நெறிக்கட்டிகளை, எடுத்தவர்களுக்கும் நீர் கூடுதல் நாட்கள் வரும். பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு எத்தனை முடிச்சு எடுத்தார்கள் என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒப்பிடுவதை விட்டுவிடுங்கள்.

அவர் கையை எவ்வளவு ஆட்டுகிறார் என்று கவனியுங்கள். வீட்டுக்கு வந்ததும் பரண்மேல் இருக்கும் பாத்திரத்தை எட்டி எடுப்பது, துணி பிழிந்து கொடியில் போடுவது, குடம் தூக்குவது என்று ஆரம்பித்துவிடுவார்கள். குழாய் இருக்கும்வரை கை தோள்பட்டை உயரத்துக்கு மேலே போக வேண்டாம். அதற்காகக் கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருக்கவும் கூடாது, தோள் இறுகிவிடும். அறுவை சிகிச்சைக்கு மறுநாளிலிருந்தே விரலை மடக்கி விரிப்பது, முழங்கையை மடக்கி நீட்டுவது, முழங்கையைத் தோளுக்கு மேலே தூக்காமல் தலை வாரிக்கொள்ள முயல்வது எல்லாம் செய்யலாம். சுவரில் விரலால் ஏறும் பயிற்சி குழாய் எடுத்த பிறகு.

குழாய் உடம்பில் நாள்பட இருந்தால் அதன் வழியே கிருமி ஏறும் வாய்ப்பும் கூடும். அதனால் சில டாக்டர்கள் இரண்டு, மூன்று வாரத்துக்கு மேல் காத்திருக்காமல் எடுத்துவிடுவார்கள். பிறகு நீர் சேர்ந்தால் ஊசியால் எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் பேசுங்கள்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு, அதைத்தான் கவனிக்க வேண்டும். நேற்று 70 மில்லி வந்தது இன்று 5 மில்லி என்றால் நல்ல சேதி என்று இருந்துவிடாதீர்கள். குறைவது படிப்படியாகத்தான் குறையும். திடீரென்று நின்றால் பெரும்பாலும் குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருக்கும். வெளிச்சத்தில் குழாயைப் பாருங்கள், கருஞ்சிவப்பாக நூல் போலத் தெரியும். குழாய் தோலிலிருந்து வெளிவரும் இடத்தில் ஒரு கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தக் கை அசையவே கூடாது. மறு கை விரல்களில் ஸ்பிரிட் பஞ்சை வைத்து, குழாயை அழுத்தி, பையை நோக்கி மெதுவாக வழித்துக்கொண்டே போங்கள், பசுவின் காம்பில் பால் கறப்பதைப் போல. கட்டி நகர்ந்து பையில் விழுவது கண்ணுக்குத் தெரியும். நகரவில்லை, அக்குளும் வீங்குகிறது என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஊசியால் குத்துவது, தண்ணீர் செலுத்துவது எதுவும் வீட்டில் கூடாது.

குழாய் இருக்கும்போது குளிக்கலாமா? ஜாக்கெட் போடவே முடியவில்லை. எந்தப் பக்கம் படுப்பது?
— வாசகி, ஈரோடு

தலையில் தண்ணீர் ஊற்றிக் குளிப்பது குழாய் எடுக்கும்வரை வேண்டாம் என்றுதான் நம் ஊர் டாக்டர்கள் பெரும்பாலும் சொல்வார்கள். இடுப்புக்குக் கீழே குளித்துக்கொள்ளுங்கள், மேலே ஈரத்துணியால் துடையுங்கள். டிரெஸ்ஸிங் நனைந்துவிட்டால் ஈரத்தோடு விட்டுவிடாமல் மாற்ற வேண்டும்; மருத்துவமனை தூரமாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாற்றிக்கொள்ளலாம். அக்குளில் பவுடர், மஞ்சள், விபூதி, காபித்தூள் எதுவும் வைக்காதீர்கள்.

ஜாக்கெட்டை மறந்துவிடுங்கள். முன்பக்கம் பொத்தான் உள்ள நைட்டி, அல்லது வீட்டுக்காரரின் பழைய பருத்திச் சட்டை. முதலில் அறுவை செய்த பக்கத்துக் கையை நுழைத்துவிட்டு அடுத்த கையை நுழையுங்கள், கழற்றும்போது நேர்மாறாக. பையை வைப்பதற்குப் பழைய புடவைத் துணியில் ஒரு சுருக்குப்பை தைத்து இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். வெளியே போகும்போது முந்தானைக்குள் மறைந்துவிடும். படுக்கும்போது மல்லாந்தோ மறுபக்கமாகவோ படுங்கள், அறுவை செய்த கைக்கு அடியில் ஒரு தலையணை கொடுங்கள். பை கட்டிலிலேயே உடம்பை ஒட்டி இருக்கட்டும், கீழே தொங்கினால் இரவில் புரளும்போது இழுபடும்.

அறுவை செய்த பக்கத்துக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கவோ ஊசி போடவோ வந்தால் மறு கையைக் காட்டுங்கள்.

நேற்று இரவு தூக்கத்தில் குழாய் முழுவதும் வெளியே வந்துவிட்டது. மறுபடி உள்ளே தள்ளிவிடலாமா?
— வாசகர், விருத்தாசலம்

தள்ளவே கூடாது. சுத்தமான காஸ் துணியை மடித்து அந்த ஓட்டையின் மேல் வைத்துப் பிளாஸ்திரி ஒட்டிவிட்டு, வெளியே வந்த குழாயையும் பையையும் ஒரு கவரில் போட்டுக்கொண்டு காலையில் மருத்துவமனைக்குப் போங்கள். முழுவதும் வெளியே வந்திருக்கிறதா என்று அவர்கள் குழாயின் நுனியைப் பார்க்க வேண்டும். பாதி மட்டும் வந்திருந்தால் அதன் பக்கவாட்டு ஓட்டைகள் தோலுக்கு வெளியே தெரியும், காற்று புகுந்து பை உப்பிக்கொண்டே இருக்கும். அப்போதும் இதேதான், மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காலைவரை காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. வெளிறிக்கொண்டு வந்த நீர் திடீரென்று புது ரத்தமாக மாறிப் பை மளமளவென்று நிறைந்தால், நெஞ்சு கல்லாக வீங்கினால், 108-க்குப் போன் செய்யுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ, காயத்தைச் சுற்றிச் சிவப்புப் படர்ந்தாலோ, நீர் கலங்கி நாற்றம் அடித்தாலோ அன்றைக்கே காட்ட வேண்டும். போவதா வேண்டாமா என்று குழப்பமாக இருந்தால் 104 எண்ணில் கேளுங்கள், எந்த நேரமும் பேசலாம்.

முட்டை, பருப்பு, கத்தரிக்காய், மீன் எல்லாம் கரப்பான், சாப்பிட்டால் சீழ் வைக்கும் என்று என் அம்மா வெறும் ரசம் சாதமும் இட்லியும்தான் தருகிறார். அதிகமாகத் தண்ணீர் குடித்தால் குழாயில் நீர் கூடும் என்றும் சொல்கிறார்.
— வாசகி, அருப்புக்கோட்டை

உன் அம்மாவிடம் இந்தப் பதிலை நீயே படித்துக் காட்டு. அம்மா, பெற்ற மகள் அறுபட்டுக் கிடக்கிறாளே என்ற பதைப்பில் செய்கிறீர்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் பையில் நிறையும் அந்த மஞ்சள் நீர் வெறும் தண்ணீர் இல்லை. அதில் புரதம் இருக்கிறது. தினமும் உடம்பிலிருந்து புரதம் வெளியேறிக்கொண்டிருக்கும்போது ரசம் சாதம் கொடுத்தால் காயம் எதை வைத்து ஆறும்? முட்டை கொடுங்கள், மீன் குழம்பு கொடுங்கள். சைவம் என்றால் பருப்பு, கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, தயிர். கத்தரிக்காயும் சாப்பிடலாம், ஒன்றும் ஆகாது. சீழ் கிருமியால் வருகிறது. அது கழுவாத கையிலும் கட்டுப்படாத சர்க்கரையிலும் இருக்கிறது.

தண்ணீர் குடிப்பதால் குழாயில் நீர் கூடாது. தாராளமாகக் குடிக்கட்டும்.

சர்க்கரை நோய் இருந்தால் அறுவைக்கு முன்பு எடுத்த மாத்திரையை விடாமல் எடுக்க வேண்டும். அறுவைக்குப் பிறகு சர்க்கரை ஏறும். ஹார்லிக்ஸ், குளுக்கோஸ், பழச்சாறு என்று பார்க்க வருபவர்கள் வாங்கி வருவதை எல்லாம் கொடுத்து ஏற்றிவிடாதீர்கள்.

குழாய் எடுத்து நான்கு நாளில் அக்குளுக்குக் கீழே தண்ணீர்ப் பை போல வீங்கியிருக்கிறது. தொட்டால் உள்ளே தளும்புகிறது. வலி இல்லை. ஒத்தடம் கொடுக்கலாமா?
— வாசகி, நாகப்பட்டினம்

ஒத்தடம் கொடுக்காதீர்கள், தயவுசெய்து. அக்குளில் முடிச்சுகளை எடுக்கும்போது மேற்கையின் உள்பக்கத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பு அறுபடுவதோ இழுபடுவதோ உண்டு. அந்தத் தோல் மரத்துப்போயிருக்கும். சூடு தெரியாது. வெந்நீர்ப் பையை வைத்துத் தோல் கொப்புளித்துப் பொசுங்கி வந்தவர்களுக்கு நான் டிரெஸ்ஸிங் செய்திருக்கிறேன். அறுவைக் காயம் ஆறிய பிறகும் அந்தத் தீக்காயம் ஆறாமல் இழுக்கும். வலி இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பதற்கும் இந்த மரப்புதான் காரணமாக இருக்கும்.

குழாய் போன பிறகு மிச்சமாகக் கசியும் நிணநீர் தோலுக்கடியில் சேர்ந்திருக்கிறது. அக்குள் முடிச்சுகளை எடுத்தவர்களுக்கு இது சாதாரணமாக வருவதுதான். சிறிதாக இருந்தால் உடம்பே மெதுவாக உறிஞ்சிக்கொள்ளும், தொடாமல் விட்டுவிடுவார்கள். தளும்பும் அளவுக்கு இருந்தாலோ தோல் இறுகினாலோ வெளிநோயாளர் பிரிவில் ஊசி போட்டு எடுத்துவிடுவார்கள். மரத்த இடம் என்பதால் ஊசிகூடப் பெரிதாக வலிக்காது. ஒரு முறை எடுத்தும் மறுபடி சேரலாம், மறுபடி எடுப்பார்கள். நீங்களாகவோ தெருவில் உள்ள கம்பவுண்டரோ குத்தி எடுத்தால் உள்ளே கிருமி போய்விடும். பிறகு நடக்க வேண்டிய கீமோவும் கதிர்வீச்சும் தள்ளிப்போகும். அந்த நஷ்டம் மிகப் பெரியது.

என் அண்ணிக்கும் இதே மார்பகப் புற்றுநோய்தான். குழாயே வைக்கவில்லை, அடுத்த நாளே வீட்டுக்கு வந்துவிட்டார். எனக்கு மட்டும் ஏன்?
— வாசகி, சேலம்

மார்பின் நிணநீர் முதலில் எந்த முடிச்சுக்கு வந்து சேர்கிறதோ அதை நீலச் சாயம் செலுத்திக் கண்டுபிடித்து, அந்த ஒன்றிரண்டை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறை 1990-களில் வந்தது. அதில் நோய் இல்லை என்றால் மற்றவற்றைத் தொட மாட்டார்கள். உன் அண்ணிக்கு அப்படிச் செய்திருப்பார்கள். மறுநாள் சிறுநீர் நீலப் பச்சையாகப் போனதா என்று கேட்டுப் பார். நோய் ஏற்கெனவே அக்குளுக்கு வந்துவிட்டது என்று முன்பே தெரிந்தவர்களுக்குப் பெரும்பாலும் முழுவதும் எடுக்க வேண்டியிருக்கும். உனக்கு அதிகம் எடுத்ததால் உன் சிகிச்சை குறைந்தது என்று பொருள் இல்லை.

என் கணவருக்கு வாய்ப் புற்றுநோய். கன்னத்தோடு இடது கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். கழுத்துக் குழாயில் தெளிவாக வந்துகொண்டிருந்த நீர், மூக்குக் குழாய் வழியாகப் பாலும் கஞ்சியும் கொடுக்க ஆரம்பித்த பிறகு வெள்ளையாகப் பால் போல வருகிறது. கொடுத்த பால்தான் அப்படி வருகிறதா?
— வாசகி, தூத்துக்குடி

அம்மா, இந்தக் கடிதத்துக்கு இதழ் வரும்வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போகும்படி போனில் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறேன். குடலில் உணவின் கொழுப்பை ஏற்றிக்கொண்டு வரும் உடம்பின் மிகப் பெரிய நிணநீர்க் குழாய், கழுத்தின் இடது அடிப்பகுதியில்தான் ரத்தக் குழாயோடு சேர்கிறது. இடது கழுத்தில் ஆழமாக அறுக்கும்போது அதில் சிறு கிழிசல் ஏற்பட்டுவிடுவது உண்டு. வயிறு காலியாக இருக்கும்வரை தெரியாது. கொழுப்புள்ள உணவு போனதும் நீர் வெண்மையாகி அளவும் கூடும். புரதம், உப்புகள், நோயை எதிர்க்கும் அணுக்கள் எல்லாம் அதோடு வெளியேறி ஆள் வேகமாக இளைத்துவிடுவார். கொழுப்பே இல்லாத உணவுக்கு மாற்றி, கழுத்தில் அழுத்தக் கட்டுப் போட்டு, அளவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பலருக்கு இதிலேயே மூடிக்கொள்ளும், சிலருக்குத் திறந்து தைக்க வேண்டிவரும். சீழ் என்று நினைத்து வீட்டில் மிச்சம் இருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கொடுத்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள்.

கழுத்தில் குழாய் உள்ளவர்களுக்கு இன்னொன்று: கழுத்து திடீரென்று வீங்கி மூச்சு திணறினால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், உடனே 108. புகையிலையையும் பாக்கையும் இனி வாயில் போடவே கூடாது. அது காயத்தையும் ஆறவிடாது.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். ஆணுறுப்பில் புற்றுநோய் வந்து அறுவை செய்தார்கள். பிறகு இரண்டு தொடையிடுக்கிலும் நெறிக்கட்டிகளை எடுத்திருக்கிறார்கள். மூன்று வாரமாகியும் குழாய் இருக்கிறது. தையல் ஓரம் கறுத்திருக்கிறது, துணி நனைகிறது.
— வாசகர், ஊர் வேண்டாம்

தம்பி, வெட்கப்பட ஒன்றுமில்லை. காட்டத் தயங்கித் தாமதித்தவர்களைத்தான் வார்டில் அதிகம் பார்த்திருக்கிறேன். நீங்கள் காட்டியிருக்கிறீர்கள், அறுவையும் செய்துகொண்டுவிட்டீர்கள், இப்போது எழுதியும் கேட்கிறீர்கள்.

நெறிக்கட்டி எடுக்கும் இடங்களில் தொடையிடுக்குதான் ஆறுவதற்கு மிகவும் முரண்டு பிடிக்கும். அங்கே தோலுக்கு ரத்த ஓட்டம் குறைவு, எப்போதும் மடிப்பும் வியர்வையும், நிற்கும்போதும் உட்காரும்போதும் இழுபடும். காலின் நிணநீர் முழுவதும் அந்த வழியாகத்தான் மேலே ஏற வேண்டும் என்பதால் நீரும் அதிகம். மூன்று வாரம் குழாய் இருப்பது இங்கே அசாதாரணம் அல்ல. தையல் ஓரம் கறுத்திருப்பதை மட்டும் இரண்டு நாளுக்குள் காட்டிவிடுங்கள். செத்த தோலைச் சிறிது வெட்டி எடுத்து டிரெஸ்ஸிங்கை மாற்ற வேண்டியிருக்கலாம். குழாயைச் சுற்றித் துணி நனைவது குழாய் அடைத்திருப்பதாலும் இருக்கலாம், அதையும் சொல்லுங்கள்.

வீட்டில் குந்தி உட்காரும் கழிவறைதான் இருக்கும் என்று நினைக்கிறேன். குந்தினால் இடுக்கு முழுவதும் மடங்கி, குழாய் நசுங்கி, தையல் பிரியும். நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி மருந்துக்கடைகளில் கிடைக்கிறது, அதை அந்தக் கழிவறையின் மேலேயே போட்டுக்கொள்ளலாம். தரையில் சம்மணம் போட வேண்டாம். டூவீலர் வேண்டாம். படுக்கும்போது காலுக்கடியில் இரண்டு தலையணை வைத்து இடுப்பைவிடக் கால் உயர்ந்திருக்கும்படி செய்யுங்கள். நாள் முழுவதும் படுத்தே இருந்தால் காலில் ரத்தம் உறையும், ஆகவே வீட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும். இடுக்கில் ஈரம் தங்காமல் மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். ஜட்டிக்குப் பதில் தளர்வான வேட்டி. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே காட்டுங்கள்.

குழாயை உருவும்போது மயக்கம் கொடுப்பார்களா? ரொம்ப வலிக்குமா?
— வாசகி, காரைக்குடி

மயக்கம் தேவையில்லை. முதலில் பையின் உறிஞ்சலை விடுவிப்பார்கள், பிறகு தையலை வெட்டுவார்கள். மூச்சை உள்ளே இழுத்து மெதுவாக விடச் சொல்வார்கள், விடும்போது ஒரே இழுப்பில் குழாய் வந்துவிடும். உள்ளே ஏதோ ஊர்ந்து போவது போல இருக்கும், சுருக்கென்று ஒரு கணம். அவ்வளவுதான். பயந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு உடம்பை இறுக்கினால்தான் வலி கூடும். வலி தாங்க மாட்டீர்கள் என்றால் ஒரு மணி நேரம் முன்பு வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டையைத் தைக்க மாட்டார்கள், ஓரிரு நாளில் தானே மூடிவிடும். அதுவரை கொஞ்சம் நீர் கசியும், காஸை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

கை வீக்கம் பற்றி வந்த கடிதங்களை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்திருக்கிறேன். எழுதியவர்கள் எந்தக் கை, எந்த மாதம் அறுவை, கதிர்வீச்சு கொடுத்தார்களா என்ற மூன்றையும் ஓர் அஞ்சலட்டையில் எழுதிப் பத்திரிகை முகவரிக்கு அனுப்பிவையுங்கள்.